நாப்பத்தேழாம் நெம்பர் புடலங்காய்

செம்மேட்டுப்புதூருக்கு வந்து சுப்பண்ணன் ஊடு எதுன்னு கேட்டீங்கன்னா, "எந்தச் சுப்பண்ணனுங்க, மோட்டார் சுப்பண்ணனா, சீட்டுச் சுப்பண்ணனா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. ரெண்டும் ஒரே ஆளுதான். வருசத்துல முந்நூத்தி அறுவத்திரண்டு நாள் அவரு மோட்டார் சுப்பண்ணன், எரிஞ்சு போன கிணத்து மோட்டாருக்குக் காப்பர் கம்பியில காயில் சுத்திக் கட்டிக் குடுக்கறவரு. பொங்கல் முடிஞ்சு வர்ற மூணு நாள் மட்டும் சீட்டுச் சுப்பண்ணன். அந்த மூணு நாளுக்காகத்தான் மனுசன் மத்த நாளெல்லாம் சோறு திங்கறாருன்னு அவரு சம்சாரம் ராமாமணி சொல்லும்.

அந்த மூணு நாள்ல என்ன விசேசம்னா, ஆனைமலைக்குப் போற ரோட்டுல சந்தைத் திடல்ல உழவர் சங்கத்துக்காரங்க விவசாயக் கண்காட்சி நடத்துவாங்க. டிராக்டரு வரும், சொட்டுநீர்க் குழாய்க்காரங்க வருவாங்க, காளைகளும் கறவைகளும் வரும். ஆனா சனம் முண்டியடிக்கறது காய்கறிப் போட்டி மேசைக்கிட்டத்தான். நீளமான புடலங்காய் யாருது, கனமான பூசணி யாருது, ஒரு கொலையில எத்தனை தேங்காய். இதுக்குத்தான் ஊரே நாலு மாசமா உரம் போட்டுக் காத்துக் கெடக்கும்.

வர்ற காய்க்கெல்லாம் நெம்பர் சீட்டுக் கட்டறது சுப்பண்ணன் வேலை. காயில வெறும் நெம்பர் மட்டுந்தான் இருக்கும். எந்த நெம்பர் யாருதுங்கறது அவரு மஞ்சப்பையில இருக்கற நோட்டுல இருக்கும். நடுவருக்குத் தெரியாது, தலைவருக்குத் தெரியாது. சாயங்காலம் மேடையிலதான் நோட்டைத் திறந்து பேரைப் படிப்பாரு. சீட்டுக் கட்டற நூலு கூட மோட்டார் காயிலைக் கட்டற வெள்ளை நூலுதான். வயசுப் பையனா இருந்தப்ப பீளமேட்டுல ஒரு மோட்டார் கம்பெனியில கத்துக்கிட்ட முடிச்சு. மூணு சுத்துச் சுத்தி, உள்ளாற செருகி, ஒரு இழு. கத்திரியால வெட்டினாத்தான் உண்டு. அந்த முடிச்சைப் போட அந்தச் சுத்துவட்டாரத்துல வேற ஆளு கெடையாது.

இதென்ன பெரிய வேலையான்னு நினைக்காதீங்க. மொத வருசக் கண்காட்சியில நெம்பரும் இல்லை, நோட்டும் இல்லை. அப்ப இருந்த தலைவரோட மச்சான் பூசணிக்கு மொதல் பரிசு குடுத்துப்போட்டாங்க. அதைவிடப் பெரிய பூசணி பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. நம்ம பக்கத்துச் சண்டை எப்படின்னுதான் தெரியுமே. "ஏனுங்க, உங்குளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்களா?"ன்னு மரியாதையாத்தான் ஆரம்பிச்சாங்க. மரியாதை கடைசி வரைக்கும் கொறையல. மூணு பேரு வேட்டிதான் கிழிஞ்சுது.

அடுத்த வருசக் கூட்டத்துல முப்பத்திரண்டு வயசுச் சுப்பண்ணன் எந்திரிச்சு ரெண்டு ரூலு சொன்னாரு. ஒண்ணு, காய்க்குப் பேரு வேண்டாம், நெம்பர் போதும். ரெண்டாவது, கமிட்டி ஆளுகளும் தொண்டருகளும் அவங்க ஊட்டு ஆளுகளும் போட்டிக்குக் காய் குடுக்கக் கூடாது. கூட்டமே கை தட்டுச்சு. அப்பவே மஞ்சள் ரிப்பன் வெச்ச தொண்டர் பேட்ச் ஒண்ணை அவரு சட்டையில குத்தி விட்டுட்டாங்க. கால் தரையில படாம ஊட்டுக்கு வந்தாரு.

ராமாமணி பொறவாசல்ல புடலைக்குப் பந்தல் கட்டிக்கிட்டு இருந்துச்சு. கண்ணாலம் ஆகி ரெண்டாவது வருசம். விதை அதோட அம்மா ஊட்டு விதை. சுப்பண்ணன் ரூலு ரெண்டையும் ஒப்பிச்சாரு.

"அப்ப நம்மூட்டுக் காயுங்க?"

சத்தியமா அவருக்கு அது தோணவே இல்லை. தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "ரூலு ரூலுதானே அம்மணி"ன்னாரு.

"அப்படீங்களா"ன்னுச்சு ராமாமணி.

இந்த "அப்படீங்களா"வை லேசா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு வருசமும் சுப்பண்ணன் திடல்ல இருந்து வந்து, "இந்த வருசம் மொதல் பரிசு நாலரை அடிக் காயி அம்மணி, அடேங்கப்பா!"ம்பாரு. "அப்படீங்களா"ன்னுட்டு ராமாமணி பொறவாசலுக்குப் போகும். அங்க பந்தல்ல அஞ்சடிக் காய் தொங்கும். அதை அறுத்துக் கொண்டாந்து அவரு கண்ணு முன்னாலயே அருவாமணையில வெச்சு நறுக்கும். அடுத்த மூணு நாளைக்கு அந்த ஊட்டுல புடலங்காய்க் கூட்டு, புடலங்காய்ப் பொரியல், ஊட்டுக்கு ஒறம்பரைச் சனம் வந்தா புடலங்காய் பஜ்ஜி.

ஒரு வருசம் வாயைத் திறந்து கேட்டே போட்டுது. "ஏனுங்க, பரிசு வேண்டாம், சீட்டும் வேண்டாம். சனமெல்லாம் சாப்பிடப் போனதுக்கப்பறம் ஒரே ஒருக்கா அந்த மேசையில வெச்சு, அந்த டேப்புல அளந்து பாத்துப்போட்டு எடுத்துக்கிட்டு வந்தரலாமுங்க."

"மேசையில வெச்சாலே போட்டிதான் அம்மணி. பாக்கறவங்க என்ன பேசுவாங்க?"

கல் நெஞ்சுன்னு திட்டாதீங்க. அவருக்குன்னு இருந்த ஒரே சொத்து அந்தப் பேருதான். "சுப்பண்ணன் கட்டுன சீட்டுல கோல்மால் இருக்காது"ன்னு ஊருல நாலு பேரு சொல்றதைக் கேட்டா மனுசனுக்கு வயிறு நெறஞ்சு போகும். மக நித்யஸ்ரீ கண்ணாலத்துக்கு ஜோசியர் குறிச்சுக் குடுத்த மொத முகூர்த்தம் கண்காட்சி ரெண்டாம் நாளுல விழுந்துச்சு. "கண்காட்சியைத் தள்ளி வெக்க முடியாதுங்க, கண்ணாலத்தைத் தள்ளிக்கலாமுங்க"ன்னு சம்பந்திகிட்டயே சொன்னவரு. போத்தனூர்ல பேரன் பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு அந்த பேட்ச்சோடதான் போய் நின்னாரு. அங்க வந்தவங்க அவரை டோக்கன் குடுக்கற ஆளுன்னு நினைச்சு வரிசையில நின்னுபோட்டாங்க. அவரும் நாலு பேரை வரிசையில ஒழுங்கு பண்ணி விட்டுட்டுத்தான் பேரனைப் பாக்கப் போனாரு.

இப்படியே முப்பத்தொரு வருசம் ஓடிப்போச்சு. போன வருசம்தான் வந்துச்சு வினை.

பக்கத்து ஊட்டுல செவ்வந்தி. அரசாங்க ஆஸ்பத்திரியில நர்ஸ். ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல இடுப்பளவு காம்பவுண்டுச் சுவரு. ராமாமணியோட புடலங்கொடி கார்த்திகை மாசத்துல அந்தச் சுவத்தைத் தாண்டிச்சு. கொடிக்குக் கண்ணு இருக்குதா, அதுவாவா தாண்டும்? தெனமும் காலைல ராமாமணிதான் கொடி நுனியை ஒரு சாண் தள்ளித் தள்ளி விட்டுச்சு. இது சுப்பண்ணனுக்குத் தெரியாது. சுவத்துக்கு அக்கட்டால செவ்வந்தி நாலு கம்பு நட்டுப் பந்தல் போட்டுத் தண்ணி ஊத்துச்சு. சுவத்துக்கு எந்தப் பக்கம் தொங்குதோ அந்தப் பக்கத்துக்காரருக்குத்தான் காய், அது ஊர் வழக்கம். அதுக்கு மூணு வருசம் முந்தி ஊருல வேற ரெண்டு ஊட்டுக்காரங்களுக்குத் தென்னையில தகராறு வந்தப்ப இந்த வழக்கத்தைச் சொல்லித் தீர்த்து வெச்சவரே சுப்பண்ணன்தான்.

செவ்வந்தி பக்கம் ஒரு காய் எறங்குச்சு. சாண் அளவு இருக்கறப்பவே வாலு சுருட்டிக்கிட்டு வளையப் பாத்துச்சு. கோணலாப் போற எதையும் பாத்தா சுப்பண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. பல்லு வெளக்கிக்கிட்டே சுவத்து மேல எட்டி, எலுமிச்சங்காய் அளவுக் கல்லு ஒண்ணை எடுத்து, சட்டைப் பையில இருந்த நூலால காயோட வாலுல கட்டி விட்டாரு. மூணு சுத்து, உள்ளாற செருகி, ஒரு இழு. கல்லோட கனத்துல காய் நேரா எறங்கும், எல்லாரும் செய்யறதுதான். அவரு வாயைக் கொப்புளிச்சுத் துப்பறதுக்குள்ள அதை மறந்தும் போயிட்டாரு. சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து ராமாமணி பாத்துக்கிட்டே இருந்துச்சு.

கண்காட்சி மொத நாள் காலைல ஒரு ஸ்கூட்டர் திடலுக்குள்ள வந்துச்சு. செவ்வந்தி ஓட்ட, அதோட ஊட்டுக்காரர் பிரான்சிஸ் பின்னால உக்காந்து, ஈரத்துண்டு சுத்துன காயைக் குறுக்கால புடிச்சிருந்தாரு. ரோட்டுல ஒரு பஸ்ஸு ஒதுங்கி வழி விட்டுச்சாமா. சுப்பண்ணன் நோட்டுல "47, செவ்வந்தி"ன்னு எழுதுனாரு. காம்புல சீட்டைக் கட்டுனாரு. காயை நேரா வெக்கலாம்னு வாலைப் புடிச்சுத் தூக்குனாரு.

வாலுல வெள்ளை நூலு. மூணு சுத்து. உள்ளாற செருகுன முடிச்சு. கல்லை மட்டும் வெட்டி எடுத்திருக்காங்க. முடிச்சைப் பிரிக்கப் போனா வாலு ஒடிஞ்சிரும்னு விட்டுட்டாங்க போல.

மனுசனுக்கு வேர்த்துப் போச்சு. கொடி, சுவரு, கல்லு எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. தலையைத் தூக்கி ராமாமணியைத் தேடுனாரு. அது டிராக்டர் ஸ்டால்ல நின்னு, "இது எத்தனை எச்.பி.ங்க?"ன்னு மும்முரமா விசாரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த ஊட்டுல இருக்கறது ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு.

"என்னங்கண்ணா, காயில ஏதாவது குத்தமுங்களா?"ன்னு செவ்வந்தி கேட்டுச்சு.

"இல்லம்மணி. காய் நல்லாத்தான் இருக்குது. அதுதான் குத்தம்."

வேண்டாம்னு திருப்பிக் குடுத்தா, சுவத்து வழக்கத்தைத் தானே பொய்யாக்குன மாதிரி ஆகும். சும்மா இருந்து காய் ஜெயிச்சுட்டா, முடிச்சைப் பாத்து எவனாவது கண்டுபுடிச்சான்னா, முப்பத்தொரு வருசப் பேரு சந்தி சிரிச்சுப்போகும். அப்ப இன்னொரு வழிதான் இருந்துச்சு. இதைவிட நீளமான காய் ஒண்ணு வரோணும். மாசாணியாத்தாளை மனசார வேண்டிக்கிட்டாரு. பத்து மணிக்கு ஒருத்தர் ஆறடி நீளத்துல மூட்டை கட்டித் தோள்ல வெச்சுக்கிட்டு வந்தாரு. சுப்பண்ணனுக்கு உசுரே வந்துச்சு. பிரிச்சுப் பாத்தா கரும்பு.

மத்தியானத்துக்குள்ள ஆறு டீ குடிச்சாரு. ஒரு சுரைக்காய்க்கு ரெண்டு சீட்டுக் கட்டுனாரு. மூணு மணிக்கு நடுவர் வந்தாங்க, விவசாயக் காலேஜுப் பேராசிரியை புவனா. டேப்பைப் புடிச்சு அளந்தாங்க. அஞ்சடி ஏழு இன்ச்சு. அதுக்கடுத்த காய் நாலடி பதினொண்ணு.

"இவ்வளவு நேரா எறங்குன காயை நான் பாத்ததே இல்லைங்க. கல்லுக் கட்டுனது யாரோ, நல்ல கை"ன்னாங்க அந்தம்மா, வாலைத் தடவிக்கிட்டே.

சுப்பண்ணனுக்கு நெஞ்சு நிமிந்துச்சு, கை நூலுக்கண்டை மஞ்சப்பைக்குள்ள ஒளிச்சுது, ரெண்டும் ஒரே நேரத்துல.

சாயங்காலம் மேடை. சங்கத் தலைவர் கிருபாசங்கர் நாப்பது வயசு கூட ஆகாத ஆளு. எல்லாத்தையும் செல்போன்லயே முடிச்சரலாம்னு நினைக்கறவரு, சுப்பண்ணன் நோட்டுல மட்டும் கை வெக்க மாட்டாரு. மைக்கை அவரு கையில குடுத்தாரு. சுப்பண்ணன் நோட்டைத் திறந்தாரு.

"புடலங்காய், மொதல் பரிசு, நெம்பர் நாப்பத்தேழு."

அடுத்தது பேரு. செவ்வந்தின்னு அஞ்செழுத்து. படிச்சா முடிஞ்சுது. படிக்கல.

"இந்தக் காயில கல்லுக் கட்டுனது நானுங்க"ன்னாரு.

திடலே மேடைக்கிட்ட நெருங்குச்சு. அப்பறம் விசாரணை ஆரம்பிச்சுது, மரியாதையாத்தான்.

"கொடி யாரூட்டு மண்ணுலங்க?"

"எங்கூட்டு மண்ணுலங்க."

"காய் தொங்குனது எங்கீங்க?"

"செவ்வந்தி ஊட்டுப் பக்கமுங்க."

"தண்ணி நாந்தாங்க ஊத்துனேன்!"ன்னு செவ்வந்தி கீழே இருந்து கத்துச்சு.

கிருபாசங்கர் அவரு தோளைத் தொட்டாரு. "அண்ணா, உங்களைத் தெரியாதுங்களா எங்களுக்கு? படிச்சுப்போட்டு அடுத்ததுக்குப் போங்க."

அந்த நல்ல வார்த்தையைத்தான் சுப்பண்ணனால தாங்க முடியல. அப்ப பின்னால இருந்து ஒரு குரல் வந்துச்சு. "ஏனுங்க, அப்ப அந்தக் காலத்துல தலைவர் மச்சான் பூசணிக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

சுருக்குன்னு இருந்துச்சு. சொன்னது ஞாயம்தானே. அவரே அந்த இடத்துல நின்னா அதைத்தான் கேட்டிருப்பாரு.

ராமாமணியைப் பாத்தாரு. அது அவரைப் பாக்கல. மேடையில மேசை மேல மஞ்சத்துணியில நீட்டி வெச்சிருந்த காயையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. கண்ணு நெறைஞ்சிருந்துச்சு. பொறவாசல்ல முப்பத்தொரு வருசமா காயை இப்படித்தான் பாத்திருக்கும் போல, இவருதான் ஒரு நாளும் திரும்பிப் பாக்கல. அவருக்கு அழுகையே வந்துருச்சு.

சட்டையில இருந்த பேட்ச்சைக் கழட்டுனாரு. ஊசி துரு ஏறி இருந்ததால சித்தெ நேரம் ஆச்சு. மேசை மேல காய்க்குப் பக்கத்துல வெச்சாரு.

"கமிட்டி ஆளு ஊட்டுக் காய்தானுங்க வரக் கூடாது. அந்த ரூலைப் போட்டதே நான்தானுங்க. காய் இருக்கட்டும், நான் போயிக்கறேன். காலைல பாத்த நிமிசமே இதைக் கழட்டியிருக்கோணும். அரை நாள் தாமசம் பண்ணிப்போட்டேன், பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கோங்க."

சொல்லிப்போட்டு மேடையை விட்டு எறங்குனாரு. அப்ப ரெண்டாவது பரிசுக்காரர் மாசாணம் எந்திரிச்சாரு. எழுவது வயசு, நாலடி பதினொண்ணுக்குச் சொந்தக்காரர். ஆட்சேபணை சொல்ல உரிமை இருக்கற ஒரே ஆளு.

"அளந்தது டேப்புங்க, சுப்பண்ணன் இல்லீங்களே. என்ற காயை அவரு கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல. அது அஞ்சடி ஏழு. இதுக்கு மேல பேசறதுக்கு என்னங்க இருக்குது, பரிசுக் குடத்தைக் குடுங்க!"

கை தட்டல் அடங்க நேரமாச்சு. செவ்வந்தி ராமாமணி கையைப் புடிச்சுத் தரதரன்னு மேடைக்கு இழுத்துக்கிட்டுப் போச்சு. ரெண்டு பேருமா சேந்து எவர்சில்வர் குடத்தை வாங்குனாங்க. அந்தக் குடம் இன்னைக்கும் காம்பவுண்டுச் சுவத்து மேலதான் உக்காந்திருக்குது. யாருக்குத் தண்ணி வேணுமோ அவங்க எடுத்துக்கலாம்.

மேடையில இன்னொரு சிக்கல் பாக்கி இருந்துச்சு. மத்த பரிசுக்காரங்க பேரைப் படிக்கோணும், சுப்பண்ணன் கையெழுத்து அவரைத் தவிர யாருக்கும் வெளங்கல. கிருபாசங்கர் ரெண்டு வரி முக்கிப் பாத்துட்டு, "அண்ணா, கொஞ்சம் வாங்க"ன்னாரு. பரிசு வாங்கறவங்களைத் தவிர பேட்ச் இல்லாதவன் மேடை ஏறக் கூடாதுங்கறதும் பின்னால சுப்பண்ணன் போட்ட ரூலுதான். அதனால கிருபாசங்கர் குனிஞ்சு நோட்டைக் காட்ட, சுப்பண்ணன் கீழே நின்னே அண்ணாந்து பாத்துக்கிட்டு எல்லாப் பேரையும் படிச்சு முடிச்சாரு.

ரெண்டு மாசம் கழிச்சுக் கமிட்டிக்காரங்க ஊட்டுக்கு வந்தாங்க. சுப்பண்ணன் சட்டை மாத்திக்கிட்டு ஓடி வந்தாரு. மறுபடியும் கூப்பிட வந்திருக்காங்கன்னு நினைப்பு. அவங்க ராமாமணிகிட்டப் பேசுனாங்க. "மேசையை நீங்கதான் பாத்துக்கோணுமுங்கக்கா. ரூலெல்லாம் உங்குளுக்கு அத்துப்படி."

சுப்பண்ணன் மொகத்தை அரை நாள் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தாரு. அப்பறம் திடீர்னு ஒரு ரோசனை வந்துச்சு. தனக்குத்தான் இப்ப பேட்ச் இல்லையே! ஆவணி மாசத்துல பூசணி விதை ஊனுனாரு. கொடி எந்தப் பக்கம் போகோணும், எத்தனை காயைக் கிள்ளி ஒண்ணை மட்டும் விடோணும்னு மாசாணத்துகிட்டப் போய்க் கேட்டுக்கிட்டு வந்தாரு. வைக்கோல் மெத்தை போட்டு அது மேல காயை வளர்த்தாரு. மோட்டார்க் கடையில பழைய காப்பர் கம்பி நிறுக்கற தராசுல வெச்சுப் பாத்தாரு, பதினெட்டே கால் கிலோ. அன்னைக்குத் தூக்கம் வரல.

அடுத்த கண்காட்சி மொத நாள், காலைல ஏழு மணிக்கே பூசணியைத் தோள்ல வெச்சுக்கிட்டு வரிசையில நின்னாரு. அவரு மொறை வந்துச்சு. மேசைக்கு அந்தப் பக்கம் ராமாமணி. பட்டுச் சீலை, மஞ்சள் ரிப்பன் பேட்ச், புது நோட்டு.

"ஏனுங்க, ரூலு தெரியாதுங்களா? கமிட்டி ஆளுக ஊட்டுக் காய் வாங்கறதில்லைங்க."

சத்தியமா அவருக்கு அது தோணவே இல்லை. பேட்ச் அவரு ஊட்டை விட்டே போகலைங்கறது அந்த நிமிசம் வரைக்கும் மனுசன் மண்டையில ஏறல.

"அம்மணி, பரிசு வேண்டாம், சீட்டும் வேண்டாம். ஒரே ஒருக்கா அந்தத் தராசுல வெச்சு..."

"மேசையில வெச்சாலே போட்டிதானுங்க. பாக்கறவங்க என்ன பேசுவாங்க?"

வரிசையே கொல்லுன்னு சிரிச்சுப்போட்டுது. மாசாணத்துக்குப் பொறை ஏறி யாரோ தலையில தட்டி விட்டாங்க. "சித்தெ நகருங்க, பின்னால ஆளுக நிக்கறாங்க"ன்னுச்சு ராமாமணி, மொகத்துல ஒரு சிரிப்பு இல்லாம.

சாயங்காலம் ரெண்டு பேரும் ஆட்டோவுல ஊட்டுக்கு வந்தாங்க. சுப்பண்ணன் மடியில பூசணி.

"இந்த வருசம் மொதல் பரிசு பதினாறு கிலோ நானூறு கிராமுங்க. அடேங்கப்பா!"ன்னுச்சு ராமாமணி.

சுப்பண்ணன் பூசணியைப் பாத்தாரு. அது மேல கை வெச்சுக்கிட்டாரு.

"அப்படீங்களா"ன்னாரு.

சொன்னதுக்கப்பறம்தான், எங்கயோ கேட்ட சொல்லா இருக்குதேன்னு அவருக்கு ஒறைச்சுது. திரும்பிப் பாத்தா ராமாமணி சீலைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே கையை நீட்டி, அந்தப் பூசணியில பாதிப் பாரத்தைத் தன்ற மடிக்கு நகர்த்திக்குச்சு.

அடுத்த மூணு நாளும் அந்த ஊட்டுல பூசணிக்காய்க் கூட்டு.